இரவு ஆன்ம சோதனை செய்வது எப்படி: அன்றாட வாழ்வையும் அடுத்தவரையும் விசுவாசக் கண்ணால் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

'எல்லாவற்றிலும் கடவுளைப் பாருங்கள்' என்று பூசையில் கேட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறோம். வந்ததும் குழாயில் தண்ணீர் இல்லை, மாமியார் முகம் சரியில்லை, பையன் ஹோம்வொர்க் நோட்டைத் தொலைத்துவிட்டான். இதில் எங்கே, எப்படிப் பார்ப்பது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது.

அதற்குச் செய்முறை இருக்கிறது, ஆன்ம சோதனை என்று பெயர். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் ஆன்மப் பயிற்சி நூலில் 43ஆம் எண்ணில் ஐந்து படிகளாக எழுதியிருக்கிறது: நன்றி, ஒளி கேட்டல், நாளைத் திரும்பிப் பார்த்தல், மன்னிப்பு, நாளைக்கான தீர்மானம். இயேசு சபைத் துறவிகள் மதியமும் இரவும் செய்வார்கள். வீடும் வேலையுமாக ஓடுகிற நமக்கு இரவு ஒருமுறை போதும், பதினைந்து நிமிடம்.

எங்கள் அன்பியத்தில் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த செபக்குழு) சில வருடங்களாக இதைப் புதியவர்களுக்குச் சொல்லித் தருகிறேன். ஐந்து படிகளையும் எல்லோரும் ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். தடுக்கி விழுவது வரிசையில்தான். முதல் இரண்டையும் தாண்டிக்கொண்டு நேராக மூன்றாவதில் போய் உட்கார்ந்து, ஒரே வாரத்தில் "இது நமக்கு ஒத்துவராதுக்கா" என்று விட்டுவிடுகிறார்கள். அதனால் வரிசையையும், அது ஏன் அந்த வரிசை என்பதையும்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

1. உட்காருவதற்கு முன் தயாராக இருக்க வேண்டியவை

நேரம். தூங்கப் போகும் நேரம் வேண்டாம். படுக்கையில் படுத்துக்கொண்டு தொடங்கினவர்களில் நன்றியைத் தாண்டினவரை நான் இன்னும் பார்க்கவில்லை. சாப்பிட்டுப் பாத்திரம் கழுவி, கை ஈரம் துடைத்ததும் உட்காருங்கள். ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒரு வேலையோடு சேர்த்துக் கட்டினால்தான் இது நிற்கும். '9.30க்கு' என்று வைத்தால் 9.40க்கு விருந்தாளி வருவார்.

இடம். பீடத்துக்கு முன்தான் என்றில்லை. எங்கள் வீட்டில் பீடம் ஹாலில், டிவிக்குப் பக்கத்தில். நான் உட்காருவது அடுப்படி வாசற்படியில். தினமும் ஒரே இடமாக இருக்கட்டும்.

நோட்டு. நாற்பது பக்கச் சின்ன நோட்டு, ஒரு பேனா. நாளுக்கு ஒரு வரி, அதுவும் கடைசிப் படியில் மட்டும். பக்கம் பக்கமாக எழுதத் தொடங்கினால் எழுத்து நன்றாக வருகிறதா என்று பார்ப்பதிலேயே மனசு போய்விடும்.

போன். அலாரம் வைக்கிறேன் என்று கையில் எடுத்தால் குழுவில் நாற்பது செய்தி காத்திருக்கும். சுவர்க்கடிகாரத்தைப் பாருங்கள்.

இன்னொன்று: குடும்பச் செபமாலையோடு இதைச் சேர்க்காதீர்கள். செபமாலை எல்லோரும் சேர்ந்து சத்தமாகச் சொல்வது. இது தனியாக, வாயைத் திறக்காமல்.

2. உட்காருமுன் ஒரு நிமிடம் நிற்பது

அதே நூலில் 75ஆம் எண்ணில் ஒரு சின்னக் குறிப்பு வருகிறது. செபிக்கப்போகும் இடத்துக்கு ஓரிரு அடி முன்பாகவே நின்று, ஒரு பரலோக மந்திரம் ('விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே') சொல்லும் நேரத்துக்கு, ஆண்டவர் என்னை எப்படிப் பார்க்கிறார் என்று நினைக்கச் சொல்கிறது. அது தியானத்துக்காகச் சொன்னது. நான் இதற்கும் எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் இது இல்லாமல் உட்கார்ந்த நாள்களில் மீதி எல்லாமே கோணலாகப் போனது.

நம்மை ஒருவர் எப்படிப் பார்க்கிறார் என்று நினைக்கிறோமோ, அப்படித்தான் நாம் அடுத்தவரைப் பார்ப்போம். கடவுள் கையில் பிரம்போடு நிற்கிறார் என்று நினைத்து உட்கார்ந்தால், பத்து நிமிடத்தில் அந்தப் பிரம்பை நாம் வாங்கி மருமகள் மேலே ஓங்கியிருப்போம். அதனால் நில்லுங்கள், சிலுவை அடையாளம் போடுங்கள், பிறகு உட்காருங்கள்.

3. முதல் படி: நன்றி

புதியவர்கள் இங்கே சொல்வது கிட்டத்தட்ட ஒரே வாக்கியம்: 'உயிர், உடல்நலம், குடும்பம் எல்லாவற்றுக்கும் நன்றி ஆண்டவரே.' தவறில்லை. ஆனால் அந்த வாக்கியத்தை நேற்றும் சொல்லலாம், அடுத்த வருடமும் சொல்லலாம். இன்றைய நாளைப் பார்க்காமலே சொல்லிவிடலாம் என்பதுதான் அதில் உள்ள குறை.

நான் வைத்திருக்கும் கணக்கு: மூன்று நன்றி. மூன்றும் இன்று மட்டும் நடந்ததாக இருக்க வேண்டும். அதில் ஒன்று ஒரு மனிதரைப் பற்றியதாக இருக்க வேண்டும். பஸ்ஸில் என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்ட பெண், மதியம் சோற்றில் தனியாக எடுத்து வைத்திருந்த அப்பளம், நாலு மணிக்கு வந்த காற்று. இந்த அளவுக்குச் சின்னதாக இருக்கட்டும்.

ஏன் இது முதலில்? குறையைத் தேடும் கண் நமக்குப் பிறவியிலேயே பழகியிருக்கிறது, அதைத் தட்டி எழுப்ப வேண்டாம். கிடைத்ததைத் தேடும் கண்ணை எழுப்பித்தான் ஆக வேண்டும். அதை எழுப்பாமல் நாளுக்குள் நுழைந்தால் நாள் முழுக்கக் குறையாகவே தெரியும்.

மூன்று கிடைக்கவில்லையா? தேடிக்கொண்டே இருங்கள். முதல் வாரம் இந்தப் படியிலேயே பதினைந்து நிமிடமும் போகட்டும்.

4. இரண்டாம் படி: ஒளி கேட்பது

நீளமாக ஒன்றும் வேண்டாம். 'தூய ஆவியே, நான் பார்க்க விரும்புவதை அல்ல, நீர் காட்டுவதைப் பார்க்கிறேன்' என்கிற மாதிரி உங்கள் வார்த்தையில் ஒரு வரி.

அரை நிமிடம்கூட ஆகாது என்பதால்தான் இதை எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். தாண்டினால் அடுத்த படியில் குற்றவாளி, வக்கீல், நீதிபதி மூன்றும் நாமே. அந்தக் கோர்ட்டில் தீர்ப்பு ஒன்று முழு விடுதலை, இல்லையென்றால் தூக்கு.

5. மூன்றாம் படி: இன்றைய நாளுக்குள் நடந்து பார்ப்பது

எழுந்தது முதல் இந்த நிமிடம் வரை. நூல் சொல்லும் வழி: மணி மணியாக, அல்லது பொழுது பொழுதாக. முதலில் நினைவு, பிறகு சொல், பிறகு செயல். வேலைக்குப் போகிறவர்களுக்கு மணிக்கணக்கு எளிது. வீட்டிலேயே இருப்பவர்களுக்கு மணி குழம்பும். அவர்களை இடம் இடமாகப் போகச் சொல்கிறேன்: அடுப்படி, குழாயடி, பிள்ளையைப் பள்ளியில் விட்ட வாசல், ரேஷன் கடை வரிசை, மொட்டை மாடி.

எல்லா இடத்திலும் நிற்க வேண்டாம். பார்த்துக்கொண்டே போங்கள். எங்கே மனசு லேசாக இருந்தது, எங்கே சுருங்கியது, இதை மட்டும் கவனியுங்கள். சுருங்கின இடம் ஒன்றில் நில்லுங்கள். அங்கேதான் நினைவு, சொல், செயல் என்ற மூன்றையும் பிரித்துக் கேட்பது.

பிரித்துக் கேட்பதால் என்ன லாபம்? என் கதையையே சொல்கிறேன். கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒரு நாள் காலையில், கூட வேலை செய்யும் ஒருவர் நான் அனுப்பிய பில்லைத் திருப்பிக் கொண்டுவந்து, ஐந்து பேர் முன்னால், "ஒரு தடவை பாத்துட்டுக் குடுத்தா என்னவாம்?" என்று மேஜையில் வைத்துவிட்டுப் போனார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று இரவு வாசற்படியில் உட்கார்ந்தபோது அந்தப் பொறுமையை நினைத்து எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

பிறகு வரிசையாகக் கேட்டேன். நினைவு? கொதித்தது, சரி. சொல்? ஒன்றும் இல்லை. செயல்? அங்கேதான் சிக்கினேன். மதியம் அவருடைய பயணப்படி வவுச்சர் கைக்கு வந்தது. அதை எடுத்து, அடுக்கில் எல்லாவற்றுக்கும் அடியில் செருகியிருந்தேன். பேசாத வாய்க்கும் சேர்த்துக் கை பேசியிருக்கிறது. இது எனக்கு அந்த நேரத்தில் தெரியவே தெரியாது. 'இன்று யாரையும் திட்டவில்லை' என்று மொத்தமாகப் பார்த்திருந்தால் அந்த வவுச்சர் அடியிலேயே கிடந்திருக்கும்.

இந்தப் படியில் நான் பார்த்த தவறுகள் இரண்டு. ஒன்று, சுருங்கின இடங்களை எண்ணிக்கொண்டு போவது; பதினைந்து கிடைத்தால் பதினைந்திலும் நிற்பது. ஒன்று போதும், மீதி நாளைக்கும் வரும். இரண்டாவதை அடுத்த தலைப்பில் சொல்கிறேன், அது தனியாகவே எழுத வேண்டியது.

6. அதே படிக்குள்: ஒரு மனிதரின் முன் நிற்பது

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா. சொல்லிக்கொடுத்த மறுநாளே வந்து, "நேத்து உக்காந்து பாத்தேன் பிள்ள. மருமக மேல ஏழு தப்பு இருக்கு" என்றார். விரல்விட்டு எண்ணியும் காட்டினார். சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொண்டேன், என் முதல் மாதமும் அப்படித்தான் போனது. அடுத்தவர் கண்ணிலுள்ள துரும்பைப் பார்க்கிற நீ உன் கண்ணிலுள்ள மரக்கட்டையைப் பார்ப்பதில்லையே என்று இயேசு சொன்னதை நாம் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வோம். ஆனால் கண்ணை மூடி உட்கார்ந்ததும் கண்ணுக்குள் வருவது அடுத்தவரின் துரும்புதான்.

வருவதைத் தடுக்க முடியாது. வந்தவரை என்ன செய்வது என்பதற்கு வழி உண்டு. பயிற்சி நூலின் தொடக்கத்தில், 22ஆம் எண்ணில், பயிற்சி கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு முன்விதி இருக்கிறது. அதை வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் அப்படியே கொண்டுவரலாம். வரிசை முக்கியம்:

முதலில், அவர் சொன்னதற்கு நல்ல பொருள் ஒன்று இருக்க முடியுமா என்று தேடுங்கள். முழு மனத்தோடு தேட வேண்டும், பேருக்கு அல்ல. என் விஷயத்தில் அது வலித்தது: பில்லில் கூட்டல் நிஜமாகவே தப்பு.

நல்ல பொருள் கிடைக்காவிட்டால், 'அவர் எதை நினைத்துச் சொன்னார்?' என்று அவரிடமே கேட்க வேண்டும். கேட்காமல் நாமே பதிலை எழுதிக்கொள்வதுதான் பாதிச் சண்டைக்கு வேர். மறுநாள் போய், "நேத்து ஏதும் அவசரமா?" என்று கேட்டேன். பதினொரு மணிக்கு ஆடிட்டர் வரவிருந்ததாகவும், இரண்டு நாளாகத் தூக்கமில்லை என்றும் சொன்னார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அதற்காக நான் கேட்கவும் இல்லை. வவுச்சரை மட்டும் மேலே எடுத்து வைத்தேன்.

அவர் நினைத்தது உண்மையிலேயே தவறு என்றால், அன்போடு திருத்தலாம். அதுவும் போதவில்லை என்றால், அவர் சரியாகப் புரிந்துகொள்ள ஏற்ற வழிகள் எல்லாவற்றையும் தேடலாம்.

நான்கும் இந்த வரிசையில்தான். நாம் வழக்கமாக மூன்றாவதில் தொடங்குகிறோம், அதுவும் அன்பை எடுத்துவிட்டு.

இங்கே ஒரு எச்சரிக்கை, இதைச் சொல்லாமல் யாருக்கும் நான் இந்தப் படியைக் கற்றுத் தருவதில்லை. குடித்துவிட்டு அடிக்கும் கணவன், பிள்ளைகளிடம் கைநீட்டும் உறவினர், பணத்தைப் பிடுங்கிக்கொள்ளும் மகன். இவர்களுக்கு நல்ல பொருள் தேடிக்கொண்டு இரவில் உட்கார வேண்டாம். முன்விதி பேசுவது சொல்லைப் பற்றி, அடியைப் பற்றி அல்ல. அடி விழுகிற வீட்டில் முதல் வேலை பாதுகாப்பு. பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098. இந்த எண்களை என் நோட்டின் அட்டை உள்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன், கேட்பவர்களுக்குக் காட்டுவதற்காக.

அடி உதை இல்லாத காயத்திலும் மன்னிப்பை வலிந்து பிழிய வேண்டியதில்லை. 'இன்று முடியவில்லை ஆண்டவரே' என்று சொல்லிவிட்டு அடுத்த படிக்குப் போவதும் செபம்தான்.

7. நான்காம் படி: மன்னிப்புக் கேட்பது

நின்ற அந்த ஒரு இடத்துக்காக மட்டும் கேளுங்கள். பாவத்துக்கு வருந்திச் சொல்லும் உத்தம மனஸ்தாப மந்திரம் தெரிந்தவர்கள் அதைச் சொல்லலாம். தெரியாதவர்கள் பிள்ளை அம்மாவிடம் கேட்பதுபோல் சொந்த வார்த்தையில் கேட்கலாம்.

இது பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதற்கு, பதில் அல்ல. அதற்குப் போகும்போது என்ன சொல்வது என்று தவிக்காமல் இருக்க இது உதவும், அவ்வளவே. பெரிய விஷயம் ஏதும் மனத்தில் பட்டால் தள்ளிப்போடாமல் சாமியாரிடம் போங்கள்.

8. ஐந்தாம் படி: நாளைக்கு ஒன்று

'நாளை முதல் கோபப்பட மாட்டேன்.' இந்த வரியை எத்தனை நோட்டில் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. காலை ஏழு மணிக்குப் பால் பொங்கும்போதே அது முடிந்துபோகும். பிறகு நாள் முழுக்க, 'என்னால் முடியாது' என்ற நினைப்புதான் மிச்சம்.

தீர்மானத்தில் ஒரு ஆள், ஒரு நேரம், கையால் செய்கிற ஒரு காரியம் மூன்றும் இருக்கட்டும். 'காலை பத்து மணிக்குள் அவருடைய வவுச்சரைப் பாஸ் பண்ணுகிறேன்.' 'அத்தைக்கு மாத்திரை கொடுக்கும்போது முகத்தைப் பார்த்துக் கொடுக்கிறேன்.' செய்தோமா இல்லையா என்பதை மறுநாள் இரவு ஒரே வார்த்தையில் சொல்ல முடிய வேண்டும். முடியாவிட்டால் தீர்மானம் மங்கலாக இருக்கிறது என்று பொருள்.

அதை நோட்டில் ஒரு வரியாக எழுதி, விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே சொல்லி எழுந்துவிடுங்கள்.

ஒரே குறை திரும்பத் திரும்ப வருகிறதென்றால், அதற்கென்றே இஞ்ஞாசியார் வேறொரு கருவி தருகிறார். அந்தக் குறையில் விழும் ஒவ்வொரு முறையும் நெஞ்சில் கை வைத்து வருந்துவது. பலர் நடுவில் நின்றாலும் யாருக்கும் தெரியாமல் செய்யலாம் என்று அவரே சொல்கிறார். பிறகு மதியமும் இரவும் எத்தனை முறை என்று கோட்டில் புள்ளி வைப்பது, நேற்றோடு இன்றையும், போன வாரத்தோடு இந்த வாரத்தையும் ஒப்பிடுவது. புள்ளி குறைகிறதா என்பதுதான் கேள்வி. ஆனால் இதை முதல் மாதமே எடுக்காதீர்கள். எங்கள் குழுவில் ஒரு தம்பி மூன்றாம் நாளே புள்ளிக்கணக்கில் இறங்கி, பத்தாம் நாள் மார்க் ஷீட் பார்க்கிற பிள்ளைபோல் முகம் வாடி வந்தார்.

9. முதல் மாதத்தைப் பிரித்துக்கொள்வது

முதல் வாரம் நிற்பதும் நன்றியும் மட்டும். மற்றதைத் தொடவே வேண்டாம். இரண்டாம் வாரம் ஒளி கேட்டு அன்றைய நாளுக்குள் நடந்து பாருங்கள், ஆனால் எங்கும் நிற்காதீர்கள். மூன்றாம் வாரம் ஒரு இடத்தில் நின்று, நினைவு, சொல், செயல் பிரித்துக் கேட்டு, மன்னிப்பு வரை போங்கள். 22ஆம் எண்ணின் நான்கு கேள்விகளும் தீர்மானமும் நான்காம் வாரத்தில்தான்.

அடுத்தவரைப் பார்க்கிற பகுதியை ஏன் கடைசிக்குத் தள்ளுகிறேன் என்று சிலர் கேட்பார்கள். மூன்று வாரம் தன் கையில் எந்த வவுச்சர் இருக்கிறது என்று பார்த்தவர்கள்தான் எதிராளியின் வாக்கியத்துக்கு நல்ல பொருள் தேடுகிறார்கள். முதல் வாரமே அங்கே விட்டால் ஏழு தப்பு வந்து நிற்கும்.

10. நடுவில் வரும் சிக்கல்கள்

தூக்கம்: நேரத்தை முன்னால் தள்ளுங்கள். அதுவும் முடியாத இரவு ஷிப்ட்காரர்கள் வேலைக்குப் போகுமுன் செய்யட்டும். முந்தைய இருபத்துநான்கு மணி நேரத்தைப் பார்த்தால் சரி.

விட்டுப்போன நாள்கள்: மூன்று நாள் விட்டால் மூன்று நாளையும் சேர்த்துப் பார்க்க முயலாதீர்கள். வட்டி கட்டுவதுபோல் ஆகிவிடும். இன்றிலிருந்து தொடங்குங்கள்.

வறட்சி: ஒன்றும் உணராமல் கல்போல் உட்காரும் நாள்கள் வரும். அப்போது இரண்டு விதி. அந்த நேரத்தில் எந்த முடிவையும் மாற்றக்கூடாது: வேலையை விடுவது, உறவை முறிப்பது, இந்தப் பழக்கத்தையே விடுவது எல்லாம் அதில் அடக்கம். இன்னொன்று, குறித்த நேரத்துக்கு மேல் கொஞ்சம் கூடுதலாக உட்காருவது. பதினைந்து நிமிடம் என்றால் பதினாறு. வறட்சி நேரத்தை வெட்டப் பார்க்கும், நாம் ஒரு நிமிடம் கூட்டிவிடுகிறோம்.

அச்சம்: எதைத் தொட்டாலும் பாவமோ என்று நடுங்குகிறவர்கள் உண்டு. ஒரு இடத்தில் நிற்கச் சொன்னால் இரவு பன்னிரண்டு வரை நிற்பார்கள். ஸ்பெயினின் மன்ரேசா ஊரில் இருந்தபோது இஞ்ஞாசியாரே இந்த வேதனையில் சிக்கியவர்தான். இவர்களுக்கு நான் சொல்வது: மூன்றாம் படியை நிறுத்துங்கள், நன்றியை மட்டும் செய்யுங்கள், ஒரே குருவிடம் போய் அவர் சொன்னபடி நடங்கள். தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால் மனநல மருத்துவரையும் பாருங்கள், விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

குழுவில் பகிர்வது: அன்பியக் கூட்டத்தில் பகிரும்போது நன்றியை மட்டும் பகிருங்கள். 'என் மேல் எனக்கே வருத்தம்' என்று தொடங்கி, மூன்றாவது வாக்கியத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிடுவார். அவரும் அதே கூட்டத்தில் பாயில் உட்கார்ந்திருப்பார்.

நோட்டு: மாதத்துக்கு ஒருமுறை மட்டும் புரட்டிப் பாருங்கள். எந்தப் பெயர் அதிகம் வருகிறது, எந்த நேரத்தில் அதிகம் சுருங்குகிறோம் என்று தெரியும். எனக்கு அது மாலை ஆறிலிருந்து ஏழு. காரணம் பாவமா என்று பார்த்தால், பசி. இப்போது அலுவலகத்திலிருந்து கிளம்பும்போதே ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு வருகிறேன். நோட்டு முடிந்ததும் சேர்த்து வைக்க வேண்டாம். அதில் மற்றவர்களின் பெயர் இருக்கிறது. கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு அடுத்த நோட்டு வாங்குங்கள்.